பழைய வண்டி இழுக்கவில்லையா? காற்று, பெட்ரோல் வழியைச் சுத்தம் செய்யுங்கள்

திருச்சிக்கு மேற்கே வயலூர், சோமரசம்பேட்டை பக்கத்திலிருந்து புத்தூர் நால்ரோடு வழியாக வாழை இலை, கீரை, காய்கறி கொண்டுவரும் சிறு விவசாயிகளுக்கு மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வண்டி மாடு போன்றவை. ஓசூரில் 1980-ல் வெளிவரத் தொடங்கிய டி.வி.எஸ். 50 வகையைச் சேர்ந்த பழைய வண்டிகள் இன்றும் பல வீடுகளில் உழைக்கின்றன. இப்படிப்பட்ட வண்டி சுமையுடன் இழுக்கவில்லை என்றால், "ரிங் போய்விட்டது, போர் போட வேண்டும்" என்று உடனே பெருஞ்செலவில் இறங்க வேண்டியதில்லை. என்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் வழி அடைத்திருந்தாலும் இதே கோளாறுதான் தோன்றும்.

அடைப்பை அலட்சியம் செய்யலாகாது. பெட்ரோலுடன் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டனுக்கு வேண்டிய ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் வழி அடைத்தால் ஆயிலும் குறையும். என்ஜின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் உண்மையிலேயே போர் போட வேண்டிவரும்.

எந்த வழி அடைப்பு?

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து கறுத்திருந்து, புகையும் பெட்ரோல் செலவும் கூடியிருந்தால், காற்று வழியில் அடைப்பு இருக்கலாம். பிளக் வெளுத்திருந்து, சோக் போட்டால் மட்டும் வண்டி ஓடுமானால், பெட்ரோல் வழியில் அடைப்பு இருக்கலாம். மெதுவாக ஓடும்போது நின்றுபோனால் ஸ்லோ ஜெட்டையும், முழு வேகத்தில் திணறினால் மெயின் ஜெட்டையும் கவனியுங்கள்.

காற்று வடிகட்டி

கதிரடிக்கும் காலத்தில் வைக்கோல் தூசியும் மண் சாலைப் புழுதியும் ஏர் பில்டரை விரைவில் அடைத்துவிடும். ஸ்பாஞ்சு வகையானால் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். பிறகு சில துளி என்ஜின் ஆயில் விட்டுப் பிசைந்து, மிகுதியைப் பிழிந்துவிட்டு மாட்டலாம். காகித வகையை நனைக்கக் கூடாது. மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கலாம், கிழிந்தால் மாற்ற வேண்டும். வடிகட்டி இல்லாமல் வண்டி ஓட்டுவது ரிங்கையும் சிலிண்டரையும் மண் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

கார்புரேட்டர்

என்ஜின் ஆறியபின், திறந்த வெளியில் இவ்வேலையைச் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றவும். என்ஜினின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடவும். உள்ளே மண் விழக் கூடாது. கிண்ணத்தின் அடியில் நீர்த்துளியோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுத் திருகைக் கழற்றுமுன், மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று போகிறது என்று குறித்துக்கொண்டால் மீண்டும் அதே அளவில் வைக்கலாம்.

ஜெட்டுகள் பித்தளையால் ஆனவை. பொருத்தமான ஸ்குரூ டிரைவரால் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, காற்றுப் பம்பால் ஊதுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசி, இரும்புக் கம்பி கொண்டு குத்தினால் துளை அகன்று பெட்ரோல் செலவு நிரந்தரமாகக் கூடிவிடும். அடைப்பு போகாவிட்டால், துளையைவிட மெல்லிய தூண்டில் நரம்பை நுழைத்துப் பார்க்கலாம். இல்லையேல் புது ஜெட் போடுவதே சிக்கனம். கார்புரேட்டர் உடலில் உள்ள சிறு துளைகளையும் ஊதிவிட வேண்டும்.

மீண்டும் மாட்டும்போது, என்ஜினுடன் சேருமிடத்தில் உள்ள பேக்கிங் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அவ்வழியாகக் காற்று புகுந்தாலும் என்ஜின் சூடேறும்.

டேங்கைக் கவனியுங்கள்

அழுக்கு பெரும்பாலும் டேங்கிலிருந்துதான் வருகிறது. நம் நாட்டில் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் அது எத்தனாலுடன் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், துரு பிடிக்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் உப்பிக் கெடலாம். ஆகவே டேங்க் மூடியின் ரப்பரையும் குழாயிலுள்ள சல்லடையையும் அடிக்கடி பார்க்க வேண்டும். சில வாரம் வண்டி எடுப்பதில்லை என்றால், குழாயை மூடிக் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

கழுவிய பெட்ரோலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் விசைத் தெளிப்பான் வைத்திருப்போருக்கும் இம்முறை பொருந்தும். ஒரு முற்பகல் வேலைதான்; இதன் பிறகும் வண்டி இழுக்கவில்லையானால் மட்டுமே என்ஜினைப் பிரிப்பது பற்றி மெக்கானிக்கிடம் யோசனை கேளுங்கள்.