வெளிநாட்டு வேலை: மலையை விட்டு இறங்குமுன்

கூலி வேலைக்கு வெளிநாடு போகும் இந்தியருக்குக் காவலாக இருப்பது 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். நீலகிரிக்கு அதன் தேவை அதிகம். பச்சைத் தேயிலைக்கு விலை விழும் காலங்களில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்குகிறார்கள். சிலர் அங்கிருந்து வளைகுடாவுக்குப் போகிறார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் வழிவந்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களுடைய முன்னோரைக் கண்டியின் தோட்டங்களில் கட்டிப்போட்டது ஆள் திரட்டிய கங்காணியிடம் வாங்கிய முன்பணம். ஏஜென்ட்டுக்குக் கட்டுவதற்காக வட்டிக்கு வாங்கும் பணம் இன்று அதையேதான் செய்கிறது. கடன் அடையும்வரை எந்தக் கொடுமையையும் பொறுத்துக்கொள்ள வைக்கிறது.

ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது: 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்பது விதிமீறல். கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே ஆள் எடுக்கலாம். பதிவு எண் உண்மையானதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தெரிந்தவர், சொந்த ஊர்க்காரர் என்று வரும் புரோக்கருக்கு அந்த எண் இருக்காது.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லையாக நினைப்பது தவறு. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எழுதிய ஒப்பந்தம் அங்கே அரசின் பதிவில் ஏறுகிறது. பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயமாகிறது: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. விசிட் விசாவில் ஏற்றி அனுப்பி, ‘போனதும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஏஜென்ட் இந்தக் காவல் முழுவதையும் பறித்துவிடுகிறார். போய்ச் சேர்ந்த நாட்டிலும் அந்த விசாவில் வேலை செய்வது குற்றம்.

கத்தாமா வேலைக்கு, அதாவது வீட்டு வேலைக்கு, இந்த 18 நாடுகளுக்குச் செல்லும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு நிறுவனம் வழியாகவே போக வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

படித்தவர்களுக்கும் ஆபத்து உண்டு. பத்தாவது தேறியவருக்குப் பெரும்பாலும் இந்த அனுமதிச் சோதனை கிடையாது. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி மிரட்டப்பட்டார்கள். நேர்காணல் பெயரளவுக்கு இருந்து, சம்பளம் மட்டும் பெரிதாக இருந்தால் கிளம்பும் முன் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதி நிறுவனத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்வது வளைகுடா நாடுகள் பலவற்றின் சட்டப்படியும் தவறு. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகல் வீட்டில் ஒன்றும் கைப்பேசியில் ஒன்றும் இருக்கட்டும். சம்பளம் நின்றாலோ அடி விழுந்தாலோ தூதரகத்தை நாடலாம்; ‘மதத்’ இணையதளத்தில் ஊரிலிருக்கும் குடும்பத்தாரே புகார் பதியலாம். கதியற்றவர்களுக்குத் தங்குமிடம், விமான டிக்கெட், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு ஆகியவற்றுக்குத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. சம்பள பாக்கியோடு ஊர் திரும்ப நேர்ந்தால், வழக்கைத் தொடரும் அதிகாரத்தைத் தூதரகத்துக்கோ நம்பகமானவருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

ஊரில், ஏமாற்றிய ஏஜென்ட் மீது காவல் நிலையத்திலும் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலரிடமும் புகார் கொடுக்கலாம். பதிவில்லாமல் ஆள் எடுத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம்: பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அதற்கான தொலைபேசி எண் 15100.