நிரைக்கும் நிரலுக்கும் ஒரு நிறம்

மதுரை, மேலூர், கொட்டாம்பட்டி, சிவகங்கை ஆகிய நான்கு ஊர்களில் எந்தெந்த ஊர்களுக்கு இடையே நேர்ச்சாலை உண்டு என்பதை நான்கு நிரை, நான்கு நிரல் கொண்ட ஓர் அணியாக எழுதிவிடலாம். சாலை இருந்தால் 1, இல்லையென்றால் 0. மேலூரின் நிரை 1, 0, 1, 1 என்று வரும். மற்ற மூன்று ஊர்களுக்கும் அங்கிருந்து சாலை பிரிகிறது. மதுரைக்கும் கொட்டாம்பட்டிக்கும் 0, ஏனென்றால் மேலூர் வழியாகத்தான் போக வேண்டும். இந்த அணியை அதனாலேயே பெருக்கினால், 0 இருந்த அதே இடத்தில் 1 வந்து உட்காரும். இரண்டு கட்டமாகப் போக ஒரு வழி இருக்கிறது, அது மேலூர் வழி என்று கணக்கே சொல்லிவிடுகிறது. இப்போது ஊர்ப்பெயர்களை அழித்துவிட்டுப் பாருங்கள். ஒன்றும் பூச்சியமுமாகப் பதினாறு எண்கள் மிஞ்சும். மேலூர் எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர்களின் வரிசையை மாற்றி எழுதினால் அதே சாலைகளுக்கு வேறோர் அணி கிடைக்கும். ஆகவே நிரை, நிரல்களின் பெயர்கள் அலங்காரம் அல்ல, கணக்கின் பகுதி. அவற்றை அடைப்புக்குறிக்கு வெளியே, எண்களோடு கலக்காத ஒரு நிறத்தில் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி.

அணி என்பது வெறும் எண்களின் அடுக்கு, பெயர் அதற்குப் புறம்பு என்று சொல்லும் கணித ஆசிரியர்கள் உண்டு. நேர்மாறு காண்பதற்கும் அணிக்கோவையின் மதிப்பைக் கணக்கிடுவதற்கும் அது சரி. ஆனால் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் முதல் பாடமே அணிகளின் பயன்பாடுகள்தான். பயன்பாடு என்று வந்துவிட்டால் இந்த எண் எதன் எண் என்ற கேள்வியும் கூடவே வரும். காய்கறி விலை அணியைக் கொள்முதல் அளவு அணியோடு பெருக்கும்போது, முதல் அணியின் நிரல்களும் இரண்டாம் அணியின் நிரைகளும் ஒரே காய்களை ஒரே வரிசையில் குறிக்க வேண்டும். தக்காளியின் விலையைக் கத்தரிக்காயின் எடையோடு பெருக்கிவிட்டாலும் ஒரு விடை வரத்தான் செய்யும். அந்தத் தவற்றை எண்கள் காட்டிக்கொடுக்காது, பெயர்கள் காட்டிக்கொடுக்கும். நிறமும் கணக்குக்குப் புதிதல்ல. சீனாவின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய நூலின் எட்டாம் அத்தியாயம், சமன்பாடுகளை இன்றைய அணியைப் போலவே கட்டம் கட்டமாக அடுக்கித் தீர்க்கிறது. அதற்கு 263-இல் உரை எழுதிய லியு ஹுய், மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்றார். 1847-இல் லண்டனில் ஆலிவர் பைர்ன், யூக்ளிடின் முதல் ஆறு புத்தகங்களை எழுத்துக்குறிகளுக்குப் பதிலாக வண்ணங்களைக் கொண்டே விளக்கி வெளியிட்டார்.

பெயர்களை இப்படி நிறத்தோடு அச்சில் கொண்டுவருவது கடினமாக இருந்தது உண்மைதான். தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்த டொனால்ட் நூத், 1977-இல் டெக் என்ற கணித அச்சுக்கோப்பு முறையை உருவாக்கத் தொடங்கினார். அணியின் மேற்பக்கமும் இடப்பக்கமும் பெயர் இடுவதற்கு 'பார்டர்மேட்ரிக்ஸ்' என்ற கட்டளையை அவரே அதில் வைத்தார். பெயர் வெளியே நிற்கும், அடைப்புக்குறி எண்களை மட்டும் அணைத்துக்கொள்ளும். டெக்குக்கு நிறம் தெரியாது. இந்த இடத்தில் நீலம் என்ற குறிப்பை வெளியீட்டுக் கோப்பில் எழுதி அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடும். பின்னாளில், டெக்கின் மேல் அமைந்த லேடெக்குக்காக பிரான்சுவா பாந்தின்யி எழுதிய 'நைஸ்மேட்ரிக்ஸ்' தொகுப்பு பெயரையும் நிறத்தையும் சேர்த்து வைத்தது. முதல் நிரையும் முதல் நிரலும் பெயர்களுக்கு உரியவை, அவை நீலத்தில் வரட்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். கட்டங்களின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு வரைவதால், கோப்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓட்ட வேண்டியிருக்கும். தமிழில் பெயர் இடவும் தடை இல்லை. ஜொனாதன் கியூ 2004-இல் வெளியிட்ட ஸீடெக், யூனிகோட் தமிழ் எழுத்துருக்களை நேரடியாக ஏற்கிறது. ஒரு தொல்லை மட்டும் உண்டு. 'கொட்டாம்பட்டி' என்று நிரலின் தலையில் எழுதினால் அந்த நிரலே அகன்று, கீழே இருக்கும் ஒற்றை இலக்கங்கள் தனித்தனித் தீவுகளாகிவிடும். மேல்வரிசைப் பெயர்களை நிமிர்த்தி எழுதுவதோ, ஊருக்கு ஓர் எழுத்தாகச் சுருக்குவதோதான் வழி.

வலுவான மறுப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. நம் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் ஜெராக்ஸ் தாளில். அங்கே சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்களும் வகுப்பில் இருக்கும். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இது நிறத்தை மட்டுமே நம்புவதற்கு எதிரான வாதம், நிறத்துக்கே எதிரானது அல்ல. பெயர் முதலில் தன் இடத்தாலேயே பெயராகத் தெரிய வேண்டும். அடைப்புக்குறிக்கு வெளியே, எண்ணைவிடச் சற்றுச் சிறிய எழுத்தில் இருந்தால் தெரிந்துவிடும். நிறம் அதற்குத் துணை. அடர்நீலம் ஒன்றே போதும், நகலிலும் அது படிக்கும்படியாக விழும். லேடெக்கில் நிறத்தைக் கோப்பின் தலையில் ஒரே வரியில் வரையறுத்துவிடலாம். நகலெடுக்க வேண்டிய நாளில் அந்த வரியில் நீலத்தைக் கறுப்பாக்கினால் எல்லா அணிகளும் சேர்ந்து மாறிவிடும். மறுபடி வண்ணம் வேண்டுமென்றாலும் அந்த ஒரு வரிதான்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேடெக்கும் நைஸ்மேட்ரிக்ஸ் தொகுப்பும் இலவசம். அடுத்த தேர்வில் ஓர் அணியையாவது, மாணவர்கள் பேருந்தில் கடந்து வரும் ஊர்களின் பெயரோடு அச்சிட்டுக் கொடுங்கள்.