குளிர்ந்த எந்திரமும் பெட்ரோல் கலவையும்

பெட்ரோல் திரவ நிலையில் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். அதிகாலையில் எந்திரம் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலின் ஒரு பகுதியே ஆவியாகிறது. எஞ்சியது துளிகளாகக் குழாயின் உட்சுவரில் படிந்துவிடுகிறது. ஆகவே, தீப்பற்றத்தக்க கலவை சிலிண்டரைச் சென்றடைய வேண்டுமாயின் வழக்கத்தினும் மிகுதியான பெட்ரோலை அளித்தாக வேண்டும்.

பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முதலிய கார்களில் இப்பொறுப்பு ஓட்டுநரின் கையில் இருந்தது. அதற்கான கருவியே சோக். பெரும்பாலான கார்புரேட்டர்களில், சோக்கை இழுத்தவுடன் காற்று வரும் வழியை ஒரு தகடு அடைக்கிறது. உள்ளே காற்றழுத்தம் குறைவதால் ஜெட்டிலிருந்து பெட்ரோல் மிகுதியாக உறிஞ்சப்படுகிறது. எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் இத்தகடு இல்லை; அங்கு ஜெட்டே கீழிறங்கிப் பெட்ரோல் வரும் இடைவெளியை அகலமாக்குகிறது.

எந்திரம் சூடேறச் சூடேறச் சோக்கைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளுதல் வேண்டும். மறந்துவிட்டால் நேரும் தீங்குகள் மூன்று: பெட்ரோல் வீணாகிறது, ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது, எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுவதால் தேய்மானம் மிகுகிறது.

பீச்சு முறையில் இவ்வேலையை மின்னணுச் சாதனம் மேற்கொள்கிறது. எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை ஓர் உணர்கருவி அறிவிக்கிறது. அதற்கேற்ப, இஞ்செக்டர் சில மில்லிசெகண்டுகள் கூடுதலாகத் திறந்திருக்கிறது. எந்திரம் சூடானதும், புகையிலுள்ள பிராணவாயுவை அளக்கும் மற்றோர் உணர்கருவியின் துணையால் கலவை உரிய விகிதத்தில் நிறுத்தப்படுகிறது. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலம் செவ்வனே பணிபுரிய இவ்விகிதம் இன்றியமையாதது. 1999-இல் உச்ச நீதிமன்றம் தில்லித் தலைநகர் வட்டாரத்திற்குக் கடுமையான புகை விதிகளை விதித்ததையடுத்து, சிறு கார்களில் பீச்சு முறை விரைந்து பரவியது. மாருதி 800-உம் அம்முறைக்கு மாறியது.

மலைப்பகுதிகளில் பணிபுரிவோர் மற்றொரு வேறுபாட்டையும் அறிவர். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் கார்புரேட்டர் தரும் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. பீச்சு முறை இதைத் தானே சரிசெய்து கொள்கிறது. எனினும், பேட்டரியோ மின்பம்போ பழுதுற்றால் பீச்சு முறை வண்டி நின்றுவிடும். கார்புரேட்டரையோ எளிய கருவிகளைக் கொண்டு வழியிலேயே கழற்றித் துப்புரவு செய்யலாம்.

2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் எரிவதற்கு வேண்டிய காற்று குறைவு. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பமோ மிகுதி. ஆகவே, நிலையான துளையுடைய பழைய கார்புரேட்டரில் கலவை மெலிகிறது. குளிரில் எந்திரம் கிளம்புவதும் கடினமாகிறது. ஆவியாகும் திரவம் வெப்பத்தைக் கவர்வதை விளக்க, ஆசிரியர்கள் புறங்கையில் ஒரு துளி ஸ்பிரிட்டு இட்டுக் காட்டலாம். பெட்ரோலைக் கொண்டு இதனைச் செய்தல் ஆகாது.

அனைவரும் கருத்திற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. மிகுந்த பெட்ரோல் குறைந்த காற்றில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமும் அற்ற இந்நச்சுவாயு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. பீச்சு முறை வண்டியும் குளிர்ந்த நிலையில் பெட்ரோல் மிகுந்த கலவையையே எரிக்கிறது. வினையூக்கிக் கலமும் சூடேறும் வரை பயன் தருவதில்லை. எனவே சோக் உள்ள வண்டியாயினும் இல்லாத வண்டியாயினும், மூடிய கொட்டகையில் எந்திரத்தை ஓடவிடுதல் உயிருக்கு ஆபத்தாகும். வண்டியை வெளியே தள்ளிக் கொணர்ந்த பின்னரே எந்திரத்தை இயக்குக.