கடலில் பிறந்து, கழியில் வளர்ந்து

சந்தையில் வாங்குவோருக்கு வெள்ளை இறால் கடற்பொருள். வலை வீசுவோரோ அதன் இளமையையும் அறிவர். கடலில் பொரித்த குஞ்சு, விரற்கடைக்கும் சிறியதாய், ஓதநீரோடு கழிமுகத்துள் நுழைகிறது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்களுக்கிடையே பெருமீன்கள் அதனை எளிதில் நெருங்கா. உதிர்ந்து மட்கிய இலைகள் அதற்கு உணவளிக்கின்றன. சில திங்களில் வளர்ந்து கடலுக்கே திரும்புகிறது.

இக்காட்டை 1970கள் வரை பகுதி பகுதியாக அடியோடு வெட்டினர். வெயில் பட்ட சேற்றுநிலம் காய்ந்து அமிழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய ஓதநீரில் உப்பு முற்றிற்று. விழுந்த விதை முளைக்கவில்லை. பழியோ விறகு பொறுக்கியோர்மேலும் அவர்தம் மாடுகள்மேலும் விழுந்தது!

1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி நீரோட்டம் தந்த பின்னரே, அவற்றின் கரைகளில் நட்ட கன்றுகள் வேரூன்றின. அவ்வாய்க்கால்களிலும் வண்டல் படியும். தூர்வார மறந்தால் நீர் மீண்டும் தேங்கும்.