மேஜர் மட்டும் படித்தால் பட்டம் வராது

கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். அட்மிஷன் முடிந்து டைம்டேபிள் ஒட்டியதும், பெற்றோர் யாராவது கேட்பார்கள்: "பொண்ணு கெமிஸ்ட்ரிதான சார் எடுத்திருக்கா, அவளுக்கு எதுக்கு இவ்வளவு தமிழ் வகுப்பு?"

தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைச் சோதனைச் சாலையில் கண்டுபிடிக்க கெமிஸ்ட்ரி போதும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊராருக்குப் புரியும்படி சொல்லத் தமிழ் வேண்டும். இதுதான் என் பதில்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக இருக்கிறது. பார்ட் ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டு ஆங்கிலம். மேஜரும் துணைப் பாடமான அலைடும் பார்ட் மூன்று. சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள், பிற துறைப் பாடமான என்.எம்.இ. ஆகியவை நான்கு. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை ஐந்து. மொத்தம் பெரும்பாலும் 140 கிரெடிட். எந்தப் பகுதியில் அரியர் நின்றாலும் பட்டம் கைக்கு வராது.

சுற்றுச்சூழல் பாடம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் ஆணையிட்டது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலை மாணவர்களுக்கும் பொதுவாக, களப்பணியும் சேர்த்து 50 வகுப்புகளுக்கு ஒரு பாடத்திட்டம் தயாரித்தது.

எனக்கு நெருக்கமானது என்.எம்.இ. வகுப்பு. பி.காம்., இயற்பியல், கணிதம் என்று பல துறைப் பிள்ளைகள் என் முன்னால் உட்காருவார்கள். அவர்களுக்கு அரச வம்சங்களின் பட்டியலை நான் நடத்துவதில்லை. சோழர் கல்வெட்டைக் கொடுக்கிறேன். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் தானம். ஆட்டைப் பெற்றவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி பிறந்து மந்தை நிரம்பிக்கொண்டே இருப்பதால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடுகள்' என்றார்கள். ஒருமுறை பி.காம். மாணவி ஒருத்தி சட்டென்று எழுந்தாள்: "சார், அப்போ ஆடு அசல், நெய் வட்டி." அடுத்த வகுப்பில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைக் கொடுத்தேன். கோயில் காசை ஊர்ச் சபைகள் வட்டிக்கு வாங்கியிருக்கின்றன. ஆண்டு வட்டி காசுக்கு அரைக்கால் காசு. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று நான் சொல்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள். அக்கவுண்டன்சி தெரிந்த கண்ணுக்குத் தெரிவது வரலாறு மட்டும் படித்தவர் கண்ணில் படுவதில்லை. வெவ்வேறு துறைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைப்பதன் பலனை அன்று நேரில் பார்த்தேன்.

ஆனால் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்பதற்குப் பொதுவாக மேஜரும் அலைடும் உள்ள பார்ட் மூன்று மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். அதனால் பார்ட் நான்கு இளைத்தவன் சொத்தாகிவிடுகிறது. போர்ஷன் முடியவில்லை என்று மேஜர் ஆசிரியர் கேட்டால் முதலில் பறிபோவது அந்த ஹவர்தான். இது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம். கல்லூரிகள் இதை நிறுத்த வேண்டும்.

முதலாண்டு மாணவர்களே, என்.எம்.இ. படிவம் வரும்போது நண்பன் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள். மார்க் எளிதாகக் கிடைக்கும் துறையையும் தேடாதீர்கள். உங்கள் மேஜரிலிருந்து எந்தத் துறை தூரத்தில் இருக்கிறதோ, அதன் பெயரை எழுதுங்கள்.