உயிர் மீண்டது, குரல் எப்போது மீளும்?

வெடிகாயம், பாம்புக்கடி, பிரசவகால வலிப்பு, வீதி விபத்து என ஏதோ ஒரு காரணத்தால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து உயிர் தப்பி வந்த பெண்கள் எம்மிடையே பலர். அவர்களுள் சிலருக்கு வீடு வந்த பின்னரும் குரல் மட்டும் திரும்புவதில்லை. "பயத்தில் குரல் அடைத்துவிட்டது" என்பர் அயலவர். ஆனால் காரணம் பெரும்பாலும் தொண்டையிலேயே இருக்கின்றது.

குரல்வளையினுள் இரண்டு குரல் நாண்கள் உள்ளன. பெண்கள் பேசும்போது இவை ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவைகள் அதிர்கின்றன. நோயாளியால் தானாகச் சுவாசிக்க முடியாதபோது, வாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி இயந்திரத்தின் மூலம் சுவாசம் கொடுக்கின்றனர். அக்குழாய் இவ்விரு நாண்களுக்கும் நடுவே செல்கின்றது. உயிரைக் காப்பது அதுவே. எனினும் அது நாட்கணக்கில் அழுத்துவதால் வீக்கமோ புண்ணோ ஏற்படலாம். சிலருக்குச் சிறு சதை வளரும். சிலருக்கு ஒரு நாண் அசையாது நின்றுவிடும்.

இயந்திரம் நீண்டநாள் தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பர். அப்போது மூச்சுக் காற்று நாண்களுக்குக் கீழேயே வெளியேறிவிடுவதால் பேச்சு வராது. இதனால் குரல் அழிந்துவிட்டதாக எண்ணி அஞ்ச வேண்டாம்.

குழாய் எடுத்தபின் வரும் கரகரப்பு பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் குறைந்துவிடும். அதுவரை கத்தவும் வேண்டாம், தொண்டையை இறுக்கிக் குசுகுசுக்கவும் வேண்டாம். இரண்டுமே நாண்களை வருத்தும். மெதுவாக, இயல்பான குரலில், சிறிது சிறிதாகப் பேசுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். தண்ணீர் குடிக்கத் தடை இல்லையெனில் போதியளவு குடியுங்கள். இயன்றவரை அடுப்புப் புகையிலிருந்து விலகியிருங்கள்.

சில வாரங்களாகியும் குரல் சீராகாவிட்டால் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். சிறு கமராவினால் நாண்களைப் பார்த்துக் காரணத்தை அறியலாம். பேச்சு சிகிச்சையாளர் தரும் பயிற்சிகள் பலருக்குக் குரலை மீட்டுத் தந்துள்ளன. நீராகாரம் அருந்தும்போது புரைக்கேறி இருமல் வந்தால் அதையும் தாமதியாது சொல்லுங்கள். உணவு சுவாசப்பைக்குள் சென்றால் நியூமோனியா ஏற்படலாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். குழாய் இருந்த இடம் தழும்பாகிச் சுருங்கினால், வாரங்களோ மாதங்களோ கழித்தும் மூச்சுத்திணறல் தோன்றலாம். அது தொய்வு வருத்தம் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. "எனக்கு முன்னர் தொண்டையில் குழாய் வைத்தார்கள்" என்று வைத்தியரிடம் கட்டாயம் கூறுங்கள். வைத்தியசாலையில் தந்த நோய் விபரத் துண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் கேட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்குக் குரலும் ஒரு கைதான். சந்தையில் விலை சொல்லவும், கிராம அலுவலரிடம் விபரம் கேட்கவும், பிள்ளையைக் கூப்பிடவும் அது வேண்டும். குரல் இல்லாதவருக்கு அறிவும் இல்லை என்பதுபோல் அவருக்காக மற்றவர்கள் பதில் சொல்லிவிடுவது பெரும் வேதனை. ஒரு கொப்பியும் பேனையும் கொடுங்கள். அழைப்பதற்கு ஒரு சிறு மணி கொடுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். சகோதரிகளே, குரல் மீளும்வரை அவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுவே.