ஒரு சண்டை, மூன்று தீர்ப்புகள்

1987 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஹாக்லரும் லெனார்டும் 12 சுற்றுக் குத்துச்சண்டையில் பொருதினர். ஒரு நடுவர் ஹாக்லருக்கு 115–113 அளித்தார். மற்றொருவர் அதே எண்களை லெனார்டுக்கு அளித்தார். மூன்றாமவரோ லெனார்டுக்கு 118–110 என்றார். லெனார்டு வென்றார், வாதம் இன்றும் ஓயவில்லை.

ஏன் இத்துணை வேறுபாடு? சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. மயிரிழையில் வென்றாலும் தெளிவாக வென்றாலும் அதே எண்கள்தாம். ஹாக்லர் நெருங்கித் தாக்கினார். லெனார்டு விலகி விரைந்து குத்தினார். எதனை மேலென மதிப்பது என்பதில் நடுவர் மாறுபட்டால், நெருக்கமான சுற்றுகள் யாவும் ஒரு பக்கமே சாயக்கூடும்.

பல்லாண்டு விடைத்தாள் திருத்திய எனக்கு இது புதிதன்று. ஒரு மதிப்பெண்ணில் தவறிய மாணவனின் முகம் இன்னும் நினைவில் நிற்கிறது. மாறுபட்ட தீர்ப்பெல்லாம் வஞ்சகமன்று. எனினும், காரணம் கூற இயலாத தீர்ப்பு தீர்ப்பேயன்று.